மயக்கம் தெளியும் வரை யார் பக்கத்தில் இருக்கிறார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாய், பூனை வளர்ப்பவர்களிடம் ஆபரேஷன் என்று சொன்னதும் அவர்கள் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி, "மயக்க ஊசியைத் தாங்குமா?" என்பதுதான். நியாயமான பயம். ஆனால் கேள்வி ஊசியோடு நின்றுவிடுகிறது. ஊசி போட்டபிறகு அந்த வாயில்லா ஜீவனின் தலைமாட்டில் யார் நிற்கிறார், எதுவரை நிற்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. உயிர் போவதும் பிழைப்பதும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இடம் போதாவிட்டால் வேறு எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள்; ஆபரேஷனுக்குப் பிந்திய நேரத்தைப் பற்றி எழுதியிருக்கும் பகுதியில் மட்டும் கத்தரி வைக்க வேண்டாம்.

என்னைப் பற்றி ஓரிரு வரி. மனிதர்களுக்கான மருத்துவமனையில் தியேட்டர் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை. தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவர், "கத்தியைப் பிடிக்க நான் இருக்கிறேன், மூச்சைக் கவனிக்கத்தான் ஆள் இல்லை" என்று கூப்பிட்டார்; போனேன். நான் டாக்டர் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு என்று முடிவு செய்வது என் வேலையும் இல்லை. நாடி, மூச்சு, ஈறின் நிறம், உடம்பின் சூடு, இவைதான் என் வேலை. ஆகவே நான் எழுதுவதைத் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவளின் பார்வையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பயம் எவ்வளவுக்கு நியாயம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2002 முதல் 2004 வரை பிரிட்டனில் நூற்றுக்கும் மேற்பட்ட கால்நடை மருத்துவமனைகளில் பெரிய கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. மயக்கம் கொடுத்த 48 மணி நேரத்துக்குள் எத்தனை பிராணிகள் அதன் காரணமாக இறந்தன என்று பார்த்தார்கள். ஏறத்தாழ 98,000 நாய்கள், 79,000 பூனைகள், 8,000 முயல்கள் அந்தக் கணக்கில் வந்தன. ஆரோக்கியமான நாய்களில் சுமார் 1,850க்கு ஒன்று, ஆரோக்கியமான பூனைகளில் சுமார் 900க்கு ஒன்று இறந்திருந்தது. ஏற்கெனவே நோயுற்றிருந்த நாய், பூனைகளில் அது ஏறக்குறைய 75க்கு ஒன்று, 70க்கு ஒன்று என்று ஏறிவிட்டது. மனிதர்களோடு ஒப்பிட்டால் இது அதிகம்தான். ஆனாலும், "ஊசி போட்டால் போய்ச் சேர்ந்துவிடும்" என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்தும் அளவுக்கு இல்லை.

அதே கணக்கெடுப்பில் என்னை உட்காரவைத்த விஷயம் வேறு. இறந்த நாய்களில் கிட்டத்தட்ட பாதி, பூனைகளிலும் முயல்களிலும் பத்தில் ஆறுக்கு மேல், ஆபரேஷன் மேசையில் இறக்கவில்லை. எல்லாம் முடிந்து, தையல் போட்டு, கூண்டுக்குள் படுக்கவைத்தபிறகு இறந்தன. அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மணி நேரத்துக்குள். அதாவது கையுறையைக் கழற்றிவிட்டு எல்லாரும் "அப்பாடா" என்று மூச்சு விடும் நேரத்தில்.

மனிதர்களின் தியேட்டரில் மயக்கம் கொடுப்பதற்கென்றே ஒரு டாக்டர் இருப்பார். அறுப்பவர் வயிற்றைப் பார்ப்பார், மயக்க மருத்துவர் மூச்சைப் பார்ப்பார். ஒருவர் வேலையில் இன்னொருவர் தலையிடுவதில்லை. சண்டை வந்தால் மயக்க மருத்துவர் சொல்வதுதான் எடுபடும். சிறிய கால்நடை கிளினிக்குகள் பலவற்றில் மயக்க மருந்தைக் கொடுப்பவரும் அறுப்பவரும் மானிட்டரைப் பார்ப்பவரும் ஒரே ஆள்தான். ஓட்டுநரே டிக்கெட்டும் கிழித்துக்கொண்டு பஸ் ஓட்டுவது போன்ற காரியம் இது. கெட்டிக்காரர் என்பதால் பல தடவை வண்டி ஊர் போய்ச் சேர்ந்துவிடும். ரத்தம் பீறிடும் அந்த ஒரு நாளில் அவருடைய இரண்டு கண்ணும் வயிற்றுக்குள் இருக்கும். மூச்சு நின்றதைப் பார்க்க மூன்றாவது கண் இருக்காது. டாக்டர்களைக் குறை சொல்லவில்லை. ஆள் வைத்தால் செலவு, அதை எங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்று பிராணியை வளர்ப்பவர்கள் முணுமுணுப்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த ஆளுக்குக் கொடுக்கும் காசுதான் மொத்த பில்லிலேயே உருப்படியான காசு என்பேன்.

அந்த ஆள் என்னதான் செய்வார் என்று கேட்பீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தாளில் எழுத வேண்டும்: இதயத்துடிப்பு, மூச்சு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, உடம்பின் சூடு, எந்த மருந்து எத்தனை மணிக்கு எவ்வளவு. எண்களைத் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அழுத்தம் 110, 104, 98, 91 என்று இறங்கிக்கொண்டே வருவதை வரிசையாக எழுதினவளுக்குத்தான் அடுத்த எண் என்னவாக இருக்கும் என்று தெரியும். மேல் அழுத்தம் 90க்குக் கீழே போய்க் கொஞ்ச நேரம் தங்கினாலே சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும். அதன் விளைவு அன்றைக்குத் தெரியாது. வயதான பூனையானால் சில நாள் கழித்துத் தெரியும். "இறங்குகிறது டாக்டர்" என்று ஒரு குரல் வந்தால் அவர் மயக்க வாயுவைக் குறைப்பார், ட்ரிப்பைக் கூட்டுவார். அந்தக் குரலுக்காகத்தான் அந்த ஆள்.

மானிட்டர் இருக்கிறதே, அது கத்தாதா என்று சிலர் கேட்கிறார்கள். கத்தும், ஆனால் தாமதமாக. நாக்கில் கிளிப் மாட்டிப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். முழு ஆக்சிஜனில் இருக்கும் நாய்க்கு மூச்சு நின்றாலும் அந்த எண் சில நிமிடம் 98, 97 என்றே நின்று நம்மை ஏமாற்றும். மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃப் அப்படி இல்லை. மூச்சு நின்றாலோ, மூச்சுக்குழாய்க்குள் போட்டிருக்கும் டியூப் நழுவினாலோ அடுத்த மூச்சிலேயே அதன் கோடு படுத்துவிடும். கிளினிக்கில் ஒரு கருவி வாங்கத்தான் பணம் இருக்கிறது, எதை வாங்கட்டும் என்று என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். டாக்டர்களில் சிலர் ரத்த அழுத்தக் கருவிதான் முதலில் என்பார்கள். அது அவர்களுக்குள் தீராத வழக்கு.

சில மயக்க மருந்துகள் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். நாக்கு வெளிறிப்போய் கிளிப்புக்கு எண்ணே கிடைக்காது. அப்போது கருவியைத் தட்டிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை, விரலைத் தொடையின் உட்புறம் வைத்து நாடியைப் பார்க்க வேண்டும். ஈறை விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடியும் சிவக்க வேண்டும். தாடையை லேசாகத் திறந்து பார்த்தால் தளர்வா இறுக்கமா என்பது மயக்கத்தின் ஆழத்தைச் சொல்லும். கண்மணி கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் பெரும்பாலும் சரியான ஆழம். நடுவுக்கு வந்துவிட்டால் ஒன்று விழிக்கப் பார்க்கிறது, இல்லை ரொம்ப ஆழத்துக்குப் போய்விட்டது. எது என்று மற்ற அடையாளங்களைச் சேர்த்துத்தான் சொல்ல முடியும். கேட்டமைன் கொடுத்த பூனைக்கு இந்தக் கண் கணக்கே செல்லாது. அது கண்ணை அகல விழித்தபடியே மயங்கிக் கிடக்கும், இமைக்கவும் இமைக்காது. களிம்பு போடாவிட்டால் கருவிழி உலர்ந்து புண்ணாகிவிடும்.

எனக்கு அடிவயிற்றைக் கலக்குவது மருந்துகூட இல்லை, ஒரு சின்ன வால்வு. மயக்க இயந்திரத்தில் கூடுதல் வாயு வெளியேறுவதற்கென்று ஒரு வால்வு உண்டு. காலையில் இயந்திரத்தில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க அதை மூடிச் சோதிப்பார்கள். ஆபரேஷன் நடுவே இயந்திரத்தில் மாட்டியிருக்கும் காற்றுப் பையை அழுத்தி ஒரு மூச்சு கொடுக்கவும் மூடுவார்கள். மூடியதைத் திறக்க மறந்தால் போச்சு. உள்ளே வாயு வந்துகொண்டே இருக்கும், வெளியே போக வழி இருக்காது. நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி இதயத்துக்கு ரத்தம் திரும்புவது தடைப்படும், நுரையீரலே கிழியும். சின்னப் பூனைக்குச் சில நிமிடம் போதும். ஒருநாள் பல் ஆபரேஷனின்போது யாரோ என்னிடம் ஏதோ கேட்க, திரும்பிப் பதில் சொல்லிவிட்டுப் பார்க்கிறேன், பை விறைத்து நிற்கிறது. பேச நேரமில்லை. பூனையின் டியூபிலிருந்து குழாயைப் பிடுங்கினேன். புஸ்ஸென்று காற்று வெளியேறியது. அப்புறம்தான் வால்வைத் திறந்தேன். பூனைக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுவாரமே டாக்டர், கையால் அழுத்தியிருக்கும்வரை மட்டும் மூடும் பொத்தான் ஒன்றை வாங்கிப் பொருத்தினார். விரலை எடுத்தால் தானாகத் திறந்துகொள்ளும். அந்தச் சின்னச் சாமானைச் செய்தவர் யாரோ, அவர் கையைப் பிடித்து நன்றி சொல்ல ஆசை.

பூனையின் மூச்சுக்குழாய் மெல்லிசு. உள்ளே போகும் டியூபின் நுனியில் காற்றடிக்கும் சிறு வளையம் இருக்கும். கசிவை நிறுத்தும் அளவுக்கு மட்டும் காற்று போதும். ஒரு தள்ளு கூடுதலாகத் தள்ளினால் குழாய் கிழியலாம். பூனையைப் பக்கம் மாற்றிப் படுக்கவைக்கும்போது இயந்திரக் குழாயைக் கழற்றாமல் புரட்டினாலும் உள்ளே டியூப் திருகிக் கிழிக்கும். கழற்றி, புரட்டி, மாட்டு என்று நாங்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வோம். இன்னொன்று, பூனையின் வாயை ஸ்பிரிங் வைத்து முழுசாகத் திறந்தபடி நிறுத்தினால் மூளைக்கும் விழித்திரைக்கும் ரத்தம் கொண்டுபோகும் குழாய் நெரிபடும். பல் சுத்தம் செய்யப் போன பூனை கண் தெரியாமல் எழுந்த சம்பவங்கள் கால்நடை இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. வாயைக் கொஞ்சமாகத் திறந்தால் போதும், அதையும் நடுநடுவே மூடி ஓய்வு கொடுக்க வேண்டும்.

உடம்புச் சூட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் மனசு ஆறாது. வயிற்று முடியை மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, குளிர்ந்த மேசையில் போடுகிறோம். மயக்கத்தில் உடம்புக்கு நடுங்கவும் தெரியாது. சின்னப் பிராணிக்கு முதல் அரைமணி நேரத்திலேயே சூடு இறங்க ஆரம்பித்துவிடும். சூடு இறங்கினால் மருந்து கரைவது தாமதம், மயக்கம் தெளிவது தாமதம், இதயம் மந்தம். கம்பளி சுற்றலாம், காலில் உறை மாட்டலாம், வெதுவெதுப்பான காற்று ஊதும் போர்வை இருந்தால் ரொம்ப நல்லது. வெந்நீர் பாட்டிலை மட்டும் நேராக உடம்பில் வைக்கக் கூடாது. விழித்திருக்கும் நாய் சுட்டால் நகர்ந்துகொள்ளும், மயங்கிக் கிடப்பது நகராது. ஆபரேஷன் தையலைவிடப் பெரிய தீக்காயத்தோடு வீடு போன நாயை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, இனி கத்தரி வைக்கக் கூடாத பகுதிக்கு வருகிறேன்.

மயக்க வாயுவை நிறுத்தியதும் வேலை முடிந்ததாக நினைப்பதுதான் எங்கும் நடக்கிறது. வாயு நின்றபிறகும் ஆக்சிஜன் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். நாய் தானாக விழுங்க ஆரம்பிக்கும்வரை டியூபை எடுக்கக் கூடாது. விழுங்கத் தெரியாத தொண்டைக்கு எச்சிலும் வாந்தியும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியாது. பூனையில் கொஞ்சம் முன்னாலேயே, காது துடிக்கும்போது எடுப்பார்கள்; தாமதித்தால் தொண்டை இறுகிக்கொள்ளும். டியூபை எடுத்தபிறகு பக்கவாட்டிலோ நெஞ்சுப் பக்கமாகவோ படுக்கவைத்து, கழுத்தை நீட்டி, நாக்கை வெளியே இழுத்துவிட வேண்டும். நாடி, ஈறு, மூச்சு, சூடு எல்லாம் முன்போலவே எழுத வேண்டும். தலையைத் தானே தூக்கி, நெஞ்சில் ஊன்றி உட்கார்ந்து, சூடும் சகஜ நிலைக்கு வரும்வரை ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அடுத்த கேஸ் காத்திருக்கிறது என்பது எழுந்து போவதற்குக் காரணம் ஆகாது. கூண்டுக்கு மேலே காமிரா இருக்கிறது என்பார்கள். காமிராவுக்குக் கழுத்தை நேராக்கத் தெரியாது.

பக், புல்டாக், பெர்ஷியன் பூனை போன்ற சப்பை மூக்குக்காரர்களுக்கு இந்த நேரம்தான் கண்டம். அவர்களுக்கு மூக்குத் துவாரம் குறுகல், மேலண்ணத்தின் மெத்தென்ற பின்பகுதி நீளம். மூச்சுவிடத் தாராளமான வழி கிடைப்பதே அந்த டியூப் உள்ளே இருக்கும்போதுதான். நான் கவனித்த பக் நாய் ஒன்று, கண்ணைத் திறந்து, எழுந்து உட்கார்ந்து, வாயில் டியூபோடு அறையைச் சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டிருந்தது. "எடுத்துவிடலாமே" என்று உதவியாளப் பையன் கையை நீட்டினான். "இரு தம்பி, அதுவே வேண்டாம் என்று தலையை ஆட்டட்டும்" என்றேன். பிறந்ததிலிருந்து அப்படி ஒரு நிம்மதியான மூச்சை அது விட்டிருக்காது. அதனால்தான் சகித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. டியூபை எடுத்தபிறகும் தலையை உயரமாக வைத்து, நன்றாகத் தெளியும்வரை அதன் பக்கத்திலேயே இருந்தேன்.

இதற்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. எனக்குத் தெரிந்த பெண்மணி ஒருவர் வேறொரு கிளினிக்கில் தன் பூனைக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். "இன்னும் தூங்குகிறது, சாயங்காலம் எழுந்துவிடும் என்றார்கள்" என்று கூடையைத் திறந்து காட்டினார். பூனை ஒரு மூலையில் சரிந்து, முகவாய் நெஞ்சில் குத்தி, கழுத்து மடிந்து கிடந்தது. ஈறு வெளுப்பு. காதைத் தொட்டால் சில்லென்றிருந்தது. வெளியே எடுத்துக் கழுத்தை நீட்டி, துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, டாக்டருக்குப் போன் போட்டுக்கொண்டே எங்கள் கிளினிக்குக்கு ஓடினோம். ஆக்சிஜனும் சூடும் கொடுத்தபிறகு எழுந்தது. அந்த இடத்தில் ஆபரேஷன் ஒழுங்காகத்தான் செய்திருந்தார்கள்; தையல் அழகாக இருந்தது. நிற்க முடியாத பூனையை ஏன் கூடையில் போட்டு அனுப்பினார்கள் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. தானாக நடந்து காட்டாத பிராணியை வீட்டுக்கு வாங்கிப் போகாதீர்கள். இடம் இல்லை, மூடப் போகிறோம் என்று சொன்னால் நாங்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

வளர்ப்பவர்கள் பக்கத்துக் கதையும் கொஞ்சம் உண்டு. வெறும் வயிற்றோடு கூட்டி வாருங்கள் என்று சொல்லியிருப்போம். "எதுவும் கொடுக்கவில்லை" என்று பெரியவர்கள் சத்தியம் செய்வார்கள். பக்கத்தில் நிற்கும் குழந்தையின் முகத்தைப் பார்த்தாலே பிஸ்கட் போன வழி தெரிந்துவிடும். நான் எப்போதும் குழந்தையிடம்தான் கேட்பேன். சாப்பிட்டிருந்தால் இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். மறைத்தால் மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போகும். அதற்காக ராத்திரி முழுக்கத் தண்ணீரைக்கூடக் காட்டாமல் காயப்போடவும் வேண்டாம். ஆரோக்கியமான வளர்ந்த நாய், பூனைக்கு 4 முதல் 6 மணி நேரம் உணவை நிறுத்தினால் போதும், தண்ணீரை நிறுத்த வேண்டியதில்லை என்று அமெரிக்க விலங்கு மருத்துவமனைகள் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது. பச்சைக் குட்டிகளுக்கு ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது, சர்க்கரை இறங்கிவிடும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடும் பிராணி, சப்பை மூக்குப் பிராணி என்றால் கணக்கு வேறு; டாக்டர் சொல்வதுதான் சட்டம்.

முயலுக்கு இது எதுவுமே பொருந்தாது. முயலால் வாந்தி எடுக்க முடியாது. அதைப் பட்டினி போட்டால் குடல் நின்றுபோகும். ஆபரேஷன் முடிந்ததும் எவ்வளவு சீக்கிரம் கொறிக்க ஆரம்பிக்கிறதோ அவ்வளவு நல்லது. நான் மேலே சொன்ன பிரிட்டன் கணக்கில் முயல்களில் 72க்கு ஒன்று இறந்திருந்தது. வாய் சின்னது, டியூப் போடுவது கடினம், பயத்திலேயே பாதி உயிர் போய்விடும். முயலுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய டாக்டரைத் தேடிப் போவதில் வெட்கமே வேண்டாம்.

அப்புறம் எடை. "போன தடவை நாலு கிலோ இருந்தது" என்பதெல்லாம் உதவாது. அன்றைக்கு, அந்தத் தராசில் ஏற்றிப் பார்க்க வேண்டும். பெரிய நாயில் ஒரு கிலோ முன்னே பின்னே போனால் சமாளிக்கலாம். மூன்று கிலோ பூனையை நாலு என்று கண்மதிப்பில் போட்டால் மருந்து மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். வீட்டில் கொடுக்கும் மாத்திரை, யாரோ சொல்லிக் கொடுத்த சூரணம், முன்பு மயக்கம் கொடுத்தபோது தெளியத் தாமதமானது, படி ஏறினால் இரைப்பது, ராத்திரி இருமல், எல்லாவற்றையும் சொல்லுங்கள். கோலி இன நாய்களில் பலவற்றுக்கு ஒரு மரபணுக் கோளாறு உண்டு. வழக்கமான சில மயக்க முன்மருந்துகள் அவற்றின் மூளையில் தேவைக்கு மேல் தங்கிவிடும், அளவைக் குறைக்க வேண்டும். கிரேஹவுண்ட் போன்ற ஒல்லி வேட்டை நாய்கள் தயோபென்டால் போட்டால் எழுந்திருக்க வெகுநேரம் ஆகும். அவற்றுக்கு வேறு மருந்து. இனம் எது, கலப்பு எது என்று தெரிந்தால் டாக்டருக்கு அது பயன்படும்.

முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால் காசு பிடுங்குகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். சிறுநீரகம், கல்லீரல், ரத்தச்சோகை எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் மருந்தை மாற்றலாம், ட்ரிப்பைக் கூட்டலாம், ஆபரேஷனையே தள்ளிப்போடலாம். அதே சமயம் பரிசோதனை நன்றாக இருந்தால் ஆபத்தே இல்லை என்றும் அர்த்தமில்லை. பூனைகளுக்கு இதயத் தசை தடித்துப்போகும் நோய் ஒன்று உண்டு. ஸ்டெதஸ்கோப்பில் ஒரு சத்தமும் கேட்காமல், ரத்தத்திலும் தெரியாமல் மறைந்திருக்கும். ஆகவேதான் மறுபடியும் மறுபடியும் தலைமாட்டு ஆளிடமே வருகிறேன்.

மயக்கத்துக்குப் பயந்து, மயக்கமே இல்லாமல் பல் சுத்தம் செய்து தருகிறோம் என்பவர்களிடம் போகிறவர்கள் இருக்கிறார்கள். விழித்திருக்கும் நாயை அமுக்கிப் பிடித்து வெளியே தெரியும் காரையைச் சுரண்டுவார்கள். பல் வெள்ளையாகிவிடும், படம் எடுத்துப் போடலாம். நோய் இருப்பது ஈறுக்கு அடியில். அங்கே விழித்திருக்கும் எந்த நாயும் கருவியை விடாது. எக்ஸ்ரேயும் எடுக்க முடியாது. உள்ளே சீழ் கட்டுவது அப்படியே இருக்கும், மேலே மட்டும் பளபளப்பு. அமெரிக்கக் கால்நடைப் பல் மருத்துவக் கல்லூரியே இது வேண்டாம் என்கிறது. வயசாகிவிட்டதே, மயக்கம் தாங்காதே என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டு, வலியில் சாப்பாட்டை விட்டபிறகு தூக்கி வருகிறார்கள். அப்போது அது 1,850க்கு ஒன்று என்ற கூட்டத்திலிருந்து 75க்கு ஒன்று என்ற கூட்டத்துக்கு வந்துவிட்டிருக்கும். வயசு நோய் இல்லை. தள்ளிப்போடுவதுதான் நோயை வளர்க்கிறது.

எத்தனை கவனமாக இருந்தாலும் இதயம் நின்றுவிடும் சந்தர்ப்பம் வரும். மயக்கத்தில் இருக்கும்போது இதயம் நின்ற பிராணியை மீட்கும் வாய்ப்பு, மற்ற இடங்களில் நின்றதைவிட நன்றாகவே அதிகம். டியூப் உள்ளே இருக்கிறது, நரம்பில் மருந்து ஏற்றும் ஊசிக்குழாய் (கேனுலா) இருக்கிறது, பார்த்துக்கொண்டே ஆள் இருக்கிறார். நொடியில் கண்டுபிடித்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை நெஞ்சை அழுத்த ஆரம்பித்துவிடலாம். எங்கள் சுவரில் எடைவாரியாக அட்ரினலின், அட்ரோபின் ஆகிய அவசர மருந்துகளின் அளவு எழுதிய அட்டை தொங்குகிறது. அந்த நேரத்தில் யாருக்கும் வகுத்தல் கணக்கு வராது. உங்கள் டாக்டரின் அறையில் அப்படி ஓர் அட்டையைப் பார்த்தால் பயந்துவிடாதீர்கள், சந்தோஷப்படுங்கள்.

வீட்டுக்கு வந்தபிறகு அன்றிரவு உயரமான இடத்தில் ஏறவிடாமல், மற்ற பிராணிகளிடமிருந்து தள்ளி, கதகதப்பாக வைத்தால் போதும். வலிக்கிறதே என்று நம் வீட்டு மாத்திரைப் பெட்டியைத் திறக்க வேண்டாம். பாரசிட்டமால் பூனைக்கு விஷம். ஒரு மாத்திரையே கொல்லும். வலிக்கு மருந்து கேளுங்கள், அதற்கென்று இருப்பதைக் கொடுப்பார்கள். கொடுக்காமல் அனுப்பினால் ஏன் என்று கேளுங்கள். ஆபரேஷனுக்கு முன்பே ஒரு நாள் உங்கள் பிராணியின் உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சிலவற்றுக்குக் கருப்புத் திட்டு இருக்கும், சிலவற்றுக்கு ரோஜா நிறம். வழக்கம் எது என்று தெரிந்திருந்தால்தான் நடுராத்திரியில் வெளுத்திருப்பது கண்ணுக்குப் படும்.

உங்கள் பத்திரிகையிடம் ஒன்று கேட்க வேண்டும். "மயக்க ஊசி போட்ட நாய் பரிதாபச் சாவு" என்ற மாதிரிச் செய்திகள் வரும்போது மருந்தின் பெயரும் உரிமையாளரின் கண்ணீரும்தான் அச்சில் வருகின்றன. உங்கள் நிருபர் அந்த ஐந்து நிமிடக் குறிப்புத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். கடைசியாக நாடி எழுதப்பட்டது எத்தனை மணிக்கு, பிராணி இறந்து கிடந்ததைப் பார்த்தது எத்தனை மணிக்கு, நடுவில் யார் பக்கத்தில் இருந்தார் என்று எழுதட்டும். தாள் ஒழுங்காக இருந்தால் டாக்டர் மேல் விழும் வீண்பழி குறையும். தாளே இல்லை என்றால் அதையும் எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தியேட்டர் நர்ஸ்,
தற்போது கால்நடை கிளினிக் ஒன்றில் மயக்கம் கவனிப்பவர்